மேனேஜரின் முன்னங்கால்

“ஏழு… ஏழரை… ஏழேமுக்கால்… என்ன அவசரம், எந்த ஆபீசுக்குப் போகணும் உனக்கு? …எட்டு.”

மணி காலை ஐந்தரை. எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே இருக்கும் சுவர் மெல்லியது. அந்தப் பக்கம் பத்தக்கா தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, மடியில் கிடக்கும் நாயின் வலது முன்னங்காலை மடக்கி மடக்கி நீட்டிக்கொண்டிருக்கிறார் என்பதை நான் படுக்கையில் இருந்தபடியே பார்த்துவிடுவேன், காதால். தோளில் பத்து, முழங்கையில் பத்து, மணிக்கட்டில் பத்து, பிறகு விரல் விரலாக. முடிந்ததும் குளித்து, நின்றுகொண்டே எதையோ விழுங்கி, ஆறேமுக்கால் பஸ்ஸைப் பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போவார். அங்கே சாயங்காலம் வரை இதே வேலையை மனிதர்களுக்குச் செய்வார். திரும்பி வந்து மறுபடி நாய்க்கு.

பிசியோதெரபி பிரிவில் அவர் உதவியாளர். என்ன பயிற்சி, எத்தனை நாள் என்று காகிதத்தில் எழுதிக் கொடுப்பவர்கள் வேறு. அந்தக் காகிதத்தில் உள்ளபடி ஆளைத் தூக்கி, புரட்டி, காலைப் பிடித்து மடக்கி நீட்டுகிறவர் பத்தக்கா. இருபத்தெட்டு வருடமாக இதுதான். எதுவானாலும் பத்து முறை என்பதால் எப்போதோ ஒரு நோயாளி வைத்த பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. அடையாள அட்டையில் இருக்கும் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே இரண்டு விநாடி யோசித்துவிட்டுத்தான் திரும்புகிறார்.

பத்து என்பதும் பேச்சுக்குத்தான். எப்போதடா பத்து வரும் என்று நோயாளி பல்லைக் கடித்துக்கொண்டிருக்கும்போது, ஒன்பதை ஒன்பதேகால், ஒன்பதரை என்று உடைத்து, நடுவில் “வீட்டுல எல்லாரும் சௌக்கியமா?” என்று விசாரித்து, பதினைந்து முறை செய்ய வைத்துவிடுவார். இது ஏமாற்று வேலை என்று சண்டைக்குப் போனவர்கள் உண்டு. “நான் ஏமாத்தலைன்னா நீங்க இன்னும் கட்டில்லதான் கெடப்பீங்க” என்று ஒரே போடாகப் போடுவார். சண்டைக்குப் போனவர்கள் இரண்டு காலில் நடந்து போய்த்தான் சண்டை போட்டார்கள் என்பதால் மேற்கொண்டு பேச வழியிருக்காது.

தெருவில் போகும்போது அவர் யார் முகத்தையும் பார்ப்பதில்லை, நடையைத்தான் பார்ப்பார். “அதோ போறாரே, வலது செருப்பு மட்டும் வெளிப்பக்கமா தேஞ்சிருக்கு பாருங்க. ரெண்டு வருஷத்துல என்கிட்டதான் வரணும்” என்பார். அவருக்குப் பெயர்கள் நினைவில் நிற்பதில்லை, மூட்டுகள் நிற்கும். நான்கு வருடத்துக்கு முன் கையைத் தலைக்கு மேல் தூக்க முடியாமல் அவரிடம் போனவன் நான். அன்றைக்கு வைத்த பெயர் ‘தோள்பட்டை’. பக்கத்து வீட்டுக்கே குடிவந்த பிறகும் அந்தப் பெயர்தான். என் மனைவி, ‘தோள்பட்டை வீட்டம்மா’.

ஊராருடைய மூட்டுகளையெல்லாம் சரிசெய்தவருக்குச் சொந்த முழங்கால் இரண்டும் போய்விட்டன. எங்கள் வாசலில் மூன்றே படிகள். கைப்பிடியைப் பிடித்து, ஒரு படிக்கு இரண்டு காலையும் வைத்து, மூச்சு வாங்கி, அடுத்த படிக்குப் போவார். உங்களுக்கே பயிற்சி செய்துகொள்ளக் கூடாதா என்று ஒருமுறை கேட்டேன். “எனக்கு யாரு எண்றது?” என்றார். அதற்கு நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

நாயின் பெயர் மேனேஜர். “ஒரு வேலையும் செய்யறதில்ல. வர்றவன் போறவன் எல்லாரையும் பாத்துக் கொரைக்குது. நேரத்துக்குச் சாப்பாடு வந்துடணும். வேற என்ன பேரு வைக்கிறது?” என்பது பத்தக்கா சொல்லும் விளக்கம். அவருடைய வீட்டுக்காரர் ஒரு மரச்சாமான் கடைக்கு லோடு வேன் ஓட்டுகிறவர். ஐந்து வருடத்துக்கு முன் ஒரு மழைநாளில் வேனின் அடியில் சூடான இடம் பார்த்துப் படுத்திருந்த குட்டியை எடுத்துவந்தவர் அவர்தான். பழுப்பு நிறம். ஒரு காது நிமிர்ந்திருக்கும், மற்றது தொங்கும். என்னைப் பார்த்து அது குரைப்பதை நிறுத்த ஒரு வருடம் ஆயிற்று. அந்த ஒரு வருடத்தில் நானும் அதை வாழ்த்தவில்லை.

ஆறு வாரத்துக்கு முன் ஒரு காலையில் மேனேஜர் சாக்கை விட்டு எழுந்து நாலடி வைத்தது. வலது முன்னங்கால் பாதம் உள்ளே மடங்கி, மேல்பக்கம் தரையில் உரசியது. அது நின்று, குனிந்து, அந்தக் காலை மோந்து பார்த்தது. “இது யாரோடதுன்னு கேக்கற மாதிரி பாத்துச்சு” என்றார் பத்தக்காவின் வீட்டுக்காரர். அதிகம் பேசாத மனிதர். அன்றைக்கு அந்த ஒரு வாக்கியத்தைத் தெருவில் மூன்று பேரிடம் சொன்னார்.

காரணம் என்னவென்று இன்றுவரை தெரியாது. அடிபட்ட அடையாளம் இல்லை. எக்ஸ்ரேயில் எலும்பு நன்றாக இருந்தது. ரத்தத்தில் குறையில்லை. தெருவுக்கு மட்டும் காரணம் தெரிந்திருந்தது. எதிர்வீட்டு ஓய்வுபெற்ற வாத்தியார் ஈரத்தரைதான் காரணம் என்றார். மருந்துக் கடைக்காரர் ஏதோ பூச்சி என்றார். தையற்கடை அம்மாள் நாய்க்கும் சர்க்கரை வியாதி வரும் என்று அடித்துச் சொன்னார். நானும் சும்மா இருக்கவில்லை. ஒரே பக்கம் படுத்ததில் கால் மரத்துப் போயிருக்கும், மதியத்துக்குள் சரியாகிவிடும் என்றேன். எந்த மதியம் என்று பத்தக்கா என்னைப் பிறகு பல தடவை கேட்டுவிட்டார்.

வீட்டுக்காரர் எந்தக் காரணமும் சொல்லவில்லை. ஆனால் அன்று முதல் வேனை எடுக்கும் முன் குனிந்து நான்கு சக்கரத்தின் அடியிலும் பார்க்கிறார். முந்தைய சாயங்காலம் வேனைப் பின்னால் எடுத்தபோது ஏதாவது பட்டிருக்குமோ என்று அவருக்கு உள்ளுக்குள் ஒரு பயம். அப்படி எதுவும் இல்லை என்று டாக்டர் இரண்டு தடவை சொல்லியாகிவிட்டது. அவர் தலையாட்டிக் கேட்டுக்கொள்கிறார். பிறகு போய்க் குனிந்து பார்க்கிறார்.

அந்தக் கால்நடை மருத்துவர் சின்னப் பெண். பத்தக்காவுக்கு மகள் இருந்தால் அந்த வயதுதான் இருக்கும். பொய் சொல்ல வராத முகம்.

“நரம்புல ஏதோ ஆயிருக்கும்மா. ஏன்னு என்னால சொல்ல முடியல. தூரத்துல பெரிய ஸ்கேன் இருக்கு. எடுத்தா காரணம் தெரியலாம், ஆனா கால் வந்துடும்னு சொல்ல முடியாது. ஆறு வாரம் பயிற்சி குடுத்துப் பாருங்க. தினமும் விரல் எலும்பை அழுத்திக் கிள்ளிப் பாருங்க. வலிச்சுத் திரும்பிப் பாத்துதுன்னா நரம்பு கொஞ்சமாவது உயிரோட இருக்குன்னு அர்த்தம். இல்லைன்னா அது சும்மா தொங்கற கால். இழுபட்டுப் புண்ணாகும். தன்னோடதுன்னே தெரியாம அதைக் கடிச்சுக்கும். புண்ணு மேல ஏறினா உசுருக்கே ஆபத்து. அப்போ காலை எடுக்கறதைத் தவிர வழியில்ல.”

பத்தக்கா இடுப்பில் கைவைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். “ஆறு வாரத்துல ஒரு முழு ஆளையே எழுப்பி நடக்க விட்டிருக்கேன், டாக்டரம்மா. இது ஒரு கால்தானே” என்றார்.

அன்றைக்கு ஆரம்பித்தது இது. வீட்டுக்காரருடைய பழைய காலுறையில் பஞ்சு திணித்து, மேனேஜரின் பாதத்துக்கு ஓர் உறை. காலை ஒரு தடவை, மாலை ஒரு தடவை மூட்டுப் பயிற்சி. வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துண்டால் ஒத்தடம். வயிற்றுக்கு அடியில் துண்டைக் கொடுத்துத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தெருக்கோடி வரை நடை. அந்த நடையில் யார் யாரை நடத்திக்கொண்டு போகிறார்கள் என்று சொல்வது கடினம். நாய் மூன்று காலில் முன்னால் இழுக்கும், பத்தக்கா பின்னால் இரண்டு மோசமான முழங்காலோடு போவார். நடுவில் தையற்கடை வாசலில் இருவரும் உட்கார்ந்துவிடுவார்கள். பல நாள் நான் போய் இருவரையும் எழுப்பிக் கூட்டிவந்திருக்கிறேன்.

களைப்பு அவருடைய உடம்பில் குடியேறிவிட்டது, அதை அவர் மறைக்கவும் இல்லை. பேசிக்கொண்டிருக்கும்போதே கண் சொருகும். ஒரு சாயங்காலம் “அஞ்சு, ஆறு” என்று எண்ணிக்கொண்டிருந்தவர் ஆறில் நின்றுவிட்டார். சுவருக்கு இந்தப் பக்கம் நான் ஏழுக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. எட்டிப் பார்த்தால், உட்கார்ந்தபடி, நாயின் பாதத்தை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு தூங்கிப்போயிருந்தார். மேனேஜர் அசையாமல் இருந்தது. வீட்டுக்காரர் அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டே என்னைப் பார்த்து, “எழுப்பாதீங்க. எழுப்பினா ஏழுலேர்ந்து ஆரம்பிச்சுடுவா” என்றார்.

பத்தக்காவின் தொழிலில் ஒரு கேள்வி உண்டு: “தெரியுதா?” யாரைத் தொட்டாலும் அதைக் கேட்டுக்கொண்டேதான் தொடுவார். விரலை வைக்கும்போது “தெரியுதா?”, அழுத்தும்போது “தெரியுதா?”, ஒத்தடம் வைக்கும்போது மூன்று தடவை “தெரியுதா?” என் தோளைப் பிடித்துவிட்ட காலத்தில், தெரிகிறது தெரிகிறது என்று சொல்லியே எனக்கு வாய் வலித்தது. ஏன் இப்படித் தொணதொணக்கிறீர்கள் என்று கேட்டேன்.

“வேலைக்குச் சேந்த முதல் வருஷம். இடுப்புக்குக் கீழ உணர்ச்சி இல்லாத ஒருத்தர். நான் சூட்டு ஒத்தடம் வெச்சுட்டு அடுத்த கட்டிலுக்குப் போயிட்டேன். சூடு அதிகம். அவருக்குத் தெரியல, அதனால சொல்லல. நான் கேக்கல. திரும்பி வந்து பாத்தா தொடை பூரா கொப்புளம். அவரு என்னைப் பாத்து, பரவாயில்லம்மா, வலிக்கலங்கறார்.” கையை முழங்காலில் தேய்த்துக்கொண்டார். “அன்னைக்கு வாயில ஒட்டிக்கிச்சு இந்த வார்த்தை. கேக்காம ஒரு ஆளைத் தொட்டதில்ல.”

நாயையும் அப்படித்தான் தொட்டார். சோதனை மாலைப் பயிற்சிக்குப் பிறகு நடக்கும். நான் மேனேஜரின் கழுத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அது என் வேலை. பத்தக்கா நடுவிரலின் எலும்பை இரண்டு விரலால் அழுத்தி, “தெரியுதா மேனேஜர்?” என்பார். மேனேஜர் உடனே தலையைத் திருப்பி அவரைப் பார்க்கும், நிமிர்ந்த காது அசையும், சில நாள் கையை நக்கும். “பாத்தீங்களா தோள்பட்டை, தெரியுதுங்குது!” என்று என்னிடம் சொல்வார். பிறகு டாக்டருக்குப் போன். “இன்னைக்கும் தெரியுதுன்னு சொல்லிடுச்சு, டாக்டரம்மா.”

“மனுஷங்கதான் பொய் சொல்லுவாங்க” என்பார் என்னிடம். “நான் பாவம்னு நெனச்சு, தெரியாமலே தெரியுதும்பாங்க. அதனால கண்ணை மூடச் சொல்லிட்டுத் தொடுவேன். சில சமயம் தொடாமலே கேப்பேன். தெரியுதுன்னா மாட்டிக்கிட்டாங்க. இதுக்கு அந்த வேலையெல்லாம் வேண்டாம். நாய்க்குப் பொய் சொல்லத் தெரியாது.”

நான்காவது வாரம் ஒரு மாலை அவர் வெந்நீர் எடுக்க உள்ளே போனார். நானும் நாயும் மட்டும். சும்மா இருக்கமாட்டாமல் அந்த விரலை நான் அழுத்தினேன். மேனேஜர் சமையலறை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தது. நகம் பதியக் கிள்ளினேன். அப்போதும் சமையலறை வாசல்தான். பத்தக்கா பாத்திரத்தோடு வந்தார், உட்கார்ந்தார், “தெரியுதா மேனேஜர்?” என்றார். அது தலையைத் திருப்பி அவரைப் பார்த்துக் காதை ஆட்டியது.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். அவர் விரல்கள் வீங்கியிருந்தன, கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது, முகத்தில் மட்டும் அவ்வளவு சந்தோஷம். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். பதினேழு நாள் நாளைக்கு நாளைக்கு என்றே போயிற்று. அந்தப் பதினேழு நாளும் நான் கழுத்தைப் பிடித்துக்கொண்டேன், அவர் கேட்டார், நாய் திரும்பிப் பார்த்தது, நான் “ஆமா, தெரியுது போலிருக்கு” என்றேன். எழுதிப் பிழைக்கிறவனுக்கு ஒரு வாக்கியம் வாயில் வரவில்லை.

ஆறாவது வாரத்தின் கடைசியில் ஒரு நாள், சாயங்காலம் ஆறு மணியாகியும் சுவர் வழியாக எண்ணிக்கை வரவில்லை. போய்ப் பார்த்தேன். கதவு திறந்திருந்தது. பத்தக்கா கைப்பையைத் தோளில் மாட்டியபடியே தரையில் உட்கார்ந்திருந்தார். காலுறை நார்நாராகக் கிடந்தது. தரையில் ரத்தம். மேனேஜர் தன் இரண்டு விரல்களை, எங்கோ கிடைத்த எலும்பை மெல்லுவதுபோல, பொறுமையாக எலும்புவரை கடித்திருந்தது. எங்களைப் பார்த்து வாலை ஆட்டியது. அன்று மதியம் முழுக்க நான் சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தேன். ஒரு முனகல்கூடக் கேட்கவில்லை. முனக அதற்குக் காரணமும் இல்லை.

பத்தக்கா புண்ணைக் கழுவினார். தண்ணீர் ஊற்ற ஊற்ற, “தெரியுதா… தெரியுதா…” என்று வாய் தானாகச் சொல்லிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு தடவையும் நாய் திரும்பிப் பார்த்தது. திடீரென்று ஊற்றுவதை நிறுத்திவிட்டு, “தெரிஞ்சா எப்படிடா கடிப்பே?” என்றார். அதற்கும் அது வாலை ஆட்டியது.

மறுநாள் காலையில் வேனில் போனோம். பத்தக்கா லீவு போட்டிருந்தார். வீட்டுக்காரர் பள்ளம் மேடு பார்த்து, பிரசவத்துக்குப் போகிறவரைக் கூட்டிப்போவதுபோல ஓட்டினார். மருத்துவமனையில் இரும்பு மேஜையில் மேனேஜரை ஏற்றிப் படுக்கவைத்தோம். பக்கத்துப் பெஞ்சில் யாரோ ஒரு பூனைக் கூடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மேனேஜருக்கு அந்தக் கூடைமேல்தான் கண்.

டாக்டர் கட்டைப் பிரித்துப் பார்த்தார். “தெரியுதுன்னு தினமும் சொன்னீங்களேம்மா. எப்படிப் பாத்தீங்க? எனக்குச் செஞ்சு காட்டுங்க” என்றார்.

பத்தக்கா அதே காலில் கடிபடாத ஒரு விரலை அழுத்தினார். “தெரியுதா மேனேஜர்?” நாய் திரும்பிப் பார்த்தது.

“சரி. இன்னொரு தடவை. இப்போ பேசாம.”

பத்தக்கா அழுத்தினார். “தெரி…” என்று வந்துவிட்டது. நாய் திரும்பிவிட்டது. “வாய் தானா வருது டாக்டரம்மா” என்று வெட்கத்தோடு சிரித்தார். மறுபடி அழுத்தினார். மறுபடி பாதி வார்த்தை வந்துவிட்டது. இருபத்தெட்டு வருடத்துப் பழக்கம், சொன்னபடி கேட்குமா?

டாக்டர் ஒரு இடுக்கியை எடுத்து அவர் கையில் கொடுத்தார். பத்தக்கா அதை வாங்கி, இடது கையால் தன் வாயைப் பொத்திக்கொண்டார். இடுக்கியால் விரல் எலும்பைப் பிடித்து அழுத்தினார். மேனேஜர் பூனைக் கூடையைப் பார்த்துக்கொண்டிருந்தது. இன்னும் அழுத்தினார். அவருடைய விரல் வெளுத்தது. மேனேஜர் கொட்டாவி விட்டது.

அடுத்து அவர் செய்ததை யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. இடுக்கியை மேஜைமேல் வைத்தார். இரண்டடி பின்னால் போய் நின்றார். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். எதையும் தொடாமல், எப்போதும் கேட்கிற குரலில், “தெரியுதா மேனேஜர்?” என்றார்.

மேனேஜர் உடனே தலையைத் திருப்பியது. காது அசைந்தது. அவரைத் தேடி மூக்கை நீட்டியது.

“மாட்டிக்கிட்டே” என்றார் பத்தக்கா, மிகவும் மெதுவாக.

“அது பொய் சொல்லலம்மா. நீங்க கூப்பிட்டா திரும்புது, அவ்வளவுதான்” என்றார் டாக்டர். “புண்ணு மேல ஏற ஆரம்பிச்சாச்சு. இனிமே தள்ளிப்போட வேண்டாம். இன்னைக்கே எடுத்துடலாம். தோளோட எடுக்கணும்.”

பூனைக்காரர்கள் கூடையைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டார்கள். என்னால் அதற்கு மேல் நிற்க முடியவில்லை. “எனக்குப் பதினேழு நாளாத் தெரியும்” என்று சொல்லிவிட்டேன்.

பத்தக்கா என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. “தெரியும்” என்றார். “அன்னைக்கு நான் வெந்நீர் கொண்டுவந்தப்ப உங்க மூஞ்சி சரியில்ல. என்னன்னு கேட்டிருக்கணும். கேக்கல.”

உயரமான ஒரு ஸ்டூல் இருந்தது. அதில் ஏறி உட்கார்ந்தார். கால் இரண்டும் தரை எட்டாமல் தொங்கின. “அசதியா இருக்கு டாக்டரம்மா” என்றார். நான்கு வருடத்தில் அவர் வாயில் அந்தச் சொல்லை நான் கேட்டதில்லை. “இது வராதுன்னு இத்தனை வருஷத்துல ஒருத்தர்கிட்டயும் நான் சொன்னதில்ல. அதைச் சொல்றதுக்குன்னு பெரிய டாக்டர் இருப்பார். அவர் சொல்லிட்டுப் போயிடுவார். நான் எண்ணிக்கிட்டே இருப்பேன். கட்டில்ல இருக்கறவங்க என் மூஞ்சியைத்தான் பாப்பாங்க.”

வீட்டுக்காரர் அதுவரை கதவோரம் நின்றிருந்தவர், டாக்டரைக் கேட்காமல் மனைவியைப் பார்த்துக் கேட்டார்: “மூணு காலோட நடக்குமா?”

“நடக்கும்” என்றார் பத்தக்கா. “இப்பவே மூணுலதானே நடக்குது. இந்த ஒண்ணு சும்மா கூட வருது. ரெண்டுல ஒண்ணு போனவங்களே என்கிட்ட நடந்துட்டுப் போயிருக்காங்க. இதுக்கு நாலுல ஒண்ணுதானே. ஒரு மாசத்துல உங்க வேனுக்கு முன்னாடி ஓடும்.” பிறகு, “நீங்க ஒண்ணும் பண்ணலீங்க. வேன் படல. இனிமே குனிஞ்சு பாக்காதீங்க, இடுப்புப் பிடிச்சுக்கப் போகுது” என்றார். அவர் தலையாட்டினார். இந்தத் தடவை வேறு மாதிரி ஆட்டினார் என்று நினைக்கிறேன்.

டாக்டர் ஒப்புதல் காகிதத்தை நீட்டினார். வீட்டுக்காரர் வாங்கவில்லை, கையைப் பின்னால் எடுத்துக்கொண்டார். பத்தக்கா வாங்கினார். என் சட்டைப்பையிலிருந்து பேனாவை அவரே எடுத்துக்கொண்டார். ஸ்டூலை விட்டு இறங்கி, காகிதத்தை அதன்மேல் வைத்து, கண்ணை இடுக்கி ஒவ்வொரு வரியையும் படித்துக் கையெழுத்துப் போட்டார். காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தார். பேனாவைக் கொடுக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் ஒரு வழக்கம் உண்டு. ஆளைக் கத்திக்கு அனுப்பும் முன், எந்தக் கை, எந்தக் கால் என்று தோலில் மையால் ஓர் அம்புக்குறி போடுவார்கள், நல்லதில் தவறிக்கூடக் கத்தி பட்டுவிடக் கூடாதே என்று. பத்தக்கா மேஜையை நெருங்கிக் குனிந்தார். மேனேஜரின் வலது முன்னங்காலில், புண்ணைப் பார்ப்பதற்காக டாக்டர் மழித்திருந்த இடத்தில், பேனாவை வைத்தார்.

“வேண்டாம்மா. எந்தக் கால்னு பாத்தாலே தெரியுதே” என்றார் டாக்டர்.

பத்தக்கா காதில் வாங்கவில்லை. தோல் நழுவாமல் இடது கையால் இழுத்துப் பிடித்துக்கொண்டு, மெதுவாக ஒரு கோடு, அதன் முனையில் இரண்டு சின்னக் கோடுகள். அம்பு தோளைப் பார்த்தது. இந்தத் தடவை அவர் வாய் ஒன்றும் கேட்கவில்லை. மேனேஜர் வாசலைப் பார்த்துக் குரைத்தது. பேனாவை மூடி என் பையில் செருகிவிட்டு, அவர் இன்னும் குனிந்து, மை காயும்வரை அந்தக் காலின்மேல் ஊதிக்கொண்டிருந்தார்.